எண்ணிப் பார்ப்போம்

(சங்கத்தின் குடும்ப தின ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அன்றாட வாழ்வில் அழகும் மகிழ்ச்சியும்" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னபோது, "இதற்கு ஓர் ஆலிமையோ ஆசிரியரையோ அழைக்கலாமே" என்றேன். "அவர்கள் பேசிக் கேட்டாகிவிட்டது. கடையில் நிற்கிற ஒருத்தர் பேசட்டும்" என்றார். ஆகவே கடைக்காரனாகவே பேசுகிறேன். நான் பல்துறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் டிப்ளோமா படித்தவன். இன்று லிட்டில் இந்தியாவில் மசாலாச் சாமான் விற்கிறேன். மின்சுற்று படித்தவன் மிளகாய் மூட்டை தூக்குகிறானே என்று சிலர் கேட்பார்கள். இரண்டிலும் கவனமில்லாமல் கை வைத்தால் எரியும் என்று பதில் சொல்வேன்.

எங்கள் தொழிலில் ஆண்டுக்கு ஒருமுறை இருப்புக் கணக்கு எடுப்போம். கடையை ஒருநாள் அடைத்துவிட்டு, அடுக்கிலுள்ள ஒவ்வொரு மூட்டையையும் பெட்டியையும் எண்ணி எழுதுவோம். அப்போதெல்லாம் ஒன்று நடக்கும். ஏதோ ஒரு சரக்கு தீர்ந்துவிட்டது, வரவழைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பார்த்தால், பின்வரிசையில் அதே சரக்கு இரண்டு மூட்டை இருக்கும். சரக்கு இருந்திருக்கிறது, நாம்தான் எண்ணவில்லை.

நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். சந்தோஷம் தீர்ந்துவிட்டது, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். ஜூன் விடுமுறை வரட்டும், டிசம்பரில் எங்காவது போவோம், பெரிய வீட்டுக்கு மாறினால் நிம்மதி என்று காத்திருக்கிறோம். நமக்கு வேண்டியதில் பெரும்பகுதி நம் கடையின் பின்வரிசையிலேயே கிடக்கிறது. மார்க்கத்தில் இதற்கு ஷுக்ர் என்று பெயர். அர்ரஹ்மான் சூராவில் அருட்கொடைகளைப் பற்றிய ஒரே கேள்வி 31 முறை வருகிறது. ஒருமுறை கேட்டால் போதாதா என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு. போதாது. மனிதன் எண்ண மறக்கிறவன்.

நம் இருப்பில் என்னென்ன இருக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

என் கடைக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. இங்குள்ள பலர் அங்கே தொழுதிருப்பீர்கள். அதன் முகப்பில், வாசலுக்கு மேலே, சூரியனைப் போல ஒரு வேலைப்பாடு உண்டு. அதில் 25 கதிர்கள். ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருக்கிறோம்? ஜமாஅத் தொடங்கிவிடும் என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே ஓடுகிறோம், முடிந்ததும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே வெளியே வருகிறோம். சூரியன் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது.

அந்தப் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கியது 1907இல், முடிந்தது 1927இல். யாருடைய பெயரால் அது வழங்குகிறதோ அந்த அப்துல் கஃபூர் பின் ஷேக் ஹைதர், வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் தலைமை எழுத்தராக வேலை பார்த்தவர். காலையில் போய் மாலையில் திரும்பும் அலுவலக ஊழியர். அங்கே தொழ வந்தவர்களில் வியாபாரிகள் உண்டு, பக்கத்துப் பந்தயத் திடலில் குதிரை பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. லாயத்திலிருந்து நேரே வருகிறவருக்கு நான்கு சுவரும் தண்ணீர்த் தொட்டியும் போதும் என்று கட்டி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், அன்றாடம் வந்து போகிறவர் கண்ணுக்கு ஒரு சூரியனை வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்து தெலுக் ஆயர் ஸ்திரீட். இன்று அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் தெரு ஒருகாலத்தில் கடற்கரை. நம் முன்னோர் படகிலிருந்து கால் வைத்த இடம். அங்கே அல்-அப்ரார் பள்ளிவாசல் இருக்கிறது. 1827இல் அது ஒரு குடிசை. அதனால் நம்மவர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்று அழைத்தார்கள். பிறகு கல்லும் காரையும் வைத்துப் பெரிதாகக் கட்டினார்கள், 1974இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. குச்சுப் பள்ளி என்ற பெயர் மட்டும் போகவில்லை. கட்டடம் உயர்ந்த பிறகும் குடிசையின் பெயரைச் சொல்லி அழைப்பதில் எவ்வளவு பாசம் இருக்கிறது பாருங்கள். அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சீனர்களின் தியான் ஹோக் கெங் கோவில். கடலைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்கள், யாராக இருந்தாலும், முதலில் செய்தது நன்றி சொல்வது. வயிற்றுக்கு வழி தேடிய நாளிலேயே நன்றிக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பள்ளிவாசல்களை விட்டு வெளியே வருவோம். தே தாரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தூள், டப்பாப் பால், இரண்டு குவளை. விலை உயர்ந்த பொருள் எதுவுமில்லை. சூட்டை ஆற்றவும் பாலும் தேநீரும் ஒன்றாகக் கலக்கவும் இழுத்து ஊற்றினார்கள். அவசியத்துக்காகச் செய்த அந்த வேலை, கை பழகப் பழக ஒரு கலையாக ஆகிவிட்டது. சரபத் கடையில் நம்மவர் ஒருவர் ஒரு சொட்டுச் சிந்தாமல் கை நீளத்துக்குத் தேநீர் இழுப்பதைச் சுற்றுப்பயணிகள் படமெடுக்கிறார்கள். நாமோ "சீக்கிரம் கொடுங்க பாய்" என்கிறோம். 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பெருமையில் ரொட்டி பரோட்டா வீசிய கைகளுக்கும், மீ கோரிங் கிளறிய கைகளுக்கும், முர்தபா மடித்த கைகளுக்கும் பங்கு உண்டு. அந்தக் கைகளில் சில இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன.

அப்புறம், மாமாக் கடை. வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் மிட்டாய், ரொட்டி, பத்திரிகை, தலைவலி மாத்திரை எல்லாம் விற்கும் சின்னக் கடை. பெரும்பாலும் நம்மவர்கள் நடத்தியது. அதற்கு யாரும் திட்டமிட்டுப் பெயர் வைக்கவில்லை. சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் கடைக்காரரை மாமா என்று கூப்பிட்டு, அதுவே கடைக்குப் பெயராகிவிட்டது. ஒரு நாட்டுக்குப் பிழைக்க வந்தவனை அந்த நாட்டின் பிள்ளைகள் எல்லாம் மாமா என்று அழைப்பதற்கு அவன் எவ்வளவு கொடுத்து வைத்திருக்க வேண்டும்! அந்தக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் புளோக்கில் ஒன்று மிஞ்சியிருந்தால், இன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு பாக்கெட் பிஸ்கட்டாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

என் கடைக்கு ஒரு சீனப் பாட்டி வருவார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியாது. எங்களுக்குப் பொதுவாக இருப்பது கொஞ்சம் சந்தை மலாய். மீன் குழம்புக்குப் பொடி வேண்டுமானால் "இக்கான்" என்பார், கோழிக்கு என்றால் "ஆயாம்" என்பார். ஒருநாள் இரண்டும் சொல்லாமல், உள்ளங்கையைத் தரைக்கு மேல் தாழ்த்திக் காட்டிச் சிரித்தார். கொள்ளுப்பேரன் பிறந்து நடக்கத் தொடங்கிவிட்டான், அவனுக்கு ஏற்ற மாதிரி காரம் குறைத்துக் கொடு என்று பொருள். மல்லியைக் கூட்டி, மிளகாயைக் குறைத்து அரைத்துக் கொடுத்தேன். அந்த வியாபாரத்தின் மதிப்பு ஆறு வெள்ளி. அன்று முழுவதும் எனக்கு மனசு நிறைந்திருந்தது. கணக்குப் புத்தகத்தில் எழுத அதற்கு ஒரு பத்தி இல்லை.

இந்த இடத்தில் சிலருக்கு ஒரு கேள்வி வரும். கடை வாடகை ஏறுகிறது, ஆள் கிடைக்கவில்லை, பிள்ளையின் படிப்பு, பெற்றோரின் மருத்துவச் செலவு. இதற்கு நடுவில் சூரியனையும் தேநீரையும் பார்த்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா? நியாயமான கேள்வி. என் கடை வாடகையும் குறையவில்லை. கஷ்டத்தில் இருப்பவரிடம் போய் "சந்தோஷமாக இருங்கள்" என்று உபதேசம் செய்வது தவறு. அவருக்குத் தேவை உதவி. நான் சொல்வது வேறு. இருப்புக் கணக்கு எடுத்தால் கடன் காணாமல் போவதில்லை. கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் கடனைத் தைரியமாக எதிர்கொள்வான், அவ்வளவுதான்.

இதை நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த ஓர் ஆண்டு உண்டு. 2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரின் பள்ளிவாசல்கள் எல்லாம் மூடப்பட்டன. ஜும்ஆ இல்லாத வெள்ளி. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம். அந்த ஆண்டு ரமலான் முழுவதும் அதற்குள்ளேயே வந்து போய்விட்டது. மசாலாக் கடை அத்தியாவசியம் என்பதால் நான் திறந்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டில் நின்றால் போக்குவரத்து விளக்கு மாறும் சத்தம் கேட்டது. அந்தச் சாலையில் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அந்த மாதங்களில் நாம் எதற்காக ஏங்கினோம் என்று நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கா? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வீடு பேசியது என்ன? பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. வழக்கமாக அஸருக்குப் பிறகு தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்போம், மலாய்ச் சகோதரர்களும் நிற்பார்கள், "இன்று கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதே" என்று குறையும் சொல்வோம். அந்த ஆண்டு வீட்டிலேயே கஞ்சி காய்ச்சினோம். அரிசி அதே, இஞ்சி பூண்டு அதே, என் கடை மசாலாவேதான். அந்த ருசி வரவில்லை. அண்டாவில் மட்டுமா அது கொதித்தது? வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகு, பின்னால் நிற்பவரின் பேச்சு, பாங்குக்கு இன்னும் ஐந்து நிமிடம் என்ற பரபரப்பு எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. பள்ளிகளில் மீண்டும் ஜும்ஆ தொடங்கியது ஜூன் 26இல், குறைந்த எண்ணிக்கையில், முன்பதிவோடு. இடைவெளி விட்டு நின்றோம். தோளோடு தோள் உரசி நிற்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அந்த இடைவெளி சொன்னது.

இனி என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். என் அத்தா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இதே கடையில் நின்றவர். இப்போது அவருக்கு மறதி நோய். இன்று என்ன கிழமை என்று தெரியாது. சில நாள்களில் என்னை, மறைந்த தன் தம்பி என்று நினைத்துப் பேசுகிறார். முதல் ஆண்டு வீட்டில் எல்லாரும் மிகவும் உடைந்து போனோம். மருத்துவர் சொன்னபடி கவனிக்கிறோம், தொழுது துஆ கேட்கிறோம். போன நினைவு திரும்பி வராது என்றும் அறிந்திருக்கிறோம்.

வாரத்தில் இரண்டு நாள் அவரைக் கடைக்கு அழைத்து வருவேன். ஐந்தடி நடைபாதையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். ஒருநாள் சும்மா அவர் உள்ளங்கையில் கொஞ்சம் சீரகம் வைத்தேன். மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு விரலால் தேய்த்தார். "போன வருஷத்துச் சரக்கு. யாரு கிட்ட வாங்குனே?" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தேன். பழைய இருப்புதான். மறுநாள் மல்லி வைத்தேன், சோம்பு வைத்தேன், ஏலக்காய் வைத்தேன். ஒவ்வொன்றையும் பெயர் சொன்னார், தரம் சொன்னார். என் பெயர் வராத வாயில் அன்னாசிப்பூவின் பெயர் வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

இப்போது எங்களுக்கு அது ஒரு வழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகள் நன்னாவின் கையில் எதையாவது வைத்துவிட்டு எதிரே குந்திக்கொள்வாள். அவர் சரியாகச் சொன்னதும் கைதட்டுவாள். அவர் வெட்கத்தோடு சிரிப்பார். என் சின்ன வயதில் அத்தா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று அவருக்கு மூட்டையும் கணக்கும் கடனும் இருந்தன. நோய் வந்தது நல்லது என்று நான் சொல்லவில்லை. ஒருக்காலும் சொல்லமாட்டேன். அந்தச் சிரிப்பு இருக்கிறது என்று சொல்கிறேன். அதை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டால் நாளைக்கு நான் வருந்துவேன்.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளிலேயே சிலர் "ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போகாதே, ஒரே கூட்டம்" என்பார்கள். கூட்டம்தான், நடக்க இடமிருக்காது. ஆனால் அந்தக் கூட்டத்தில் இருப்பவர் யார்? வாரம் முழுவதும் சாரத்தில் ஏறி இறங்கி, கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்து, ஒருநாள் விடுப்பில் குளித்துத் தலைவாரி, நல்ல சட்டை போட்டு வந்தவர். தஞ்சாவூர்க்காரர், இராமநாதபுரத்துக்காரர், பங்களாதேஷிலிருந்து வந்தவர். அவர்களை ஓர் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒருவர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, வரிசையாகத் தொங்கும் பள்ளிப் பைகளை ஊரில் இருக்கும் மகளுக்குக் காட்டிக்கொண்டிருப்பார். "ரோஸ் வேண்டாமா? அந்த நீலமா?" அங்காலியா பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, தெரியாத நான்கு பேர் ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். பணம் அனுப்பிய ரசீதை ஒருவர் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வார்.

என் நன்னா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். கடைவீட்டு மாடியில் ஒரே அறையில் பலரோடு படுத்து எழுந்தவர். ஊருக்குப் பணம் அனுப்பிய அன்று அவரும் இப்படித்தான் சட்டைப் பையைத் தட்டியிருப்பார். இங்கே அமர்ந்திருக்கும் நம்மில் பலருடைய நன்னாவும் வாப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர்கள்தாம். அவர்களை யாராவது வெறும் கூட்டமாகப் பார்த்திருந்தால் நமக்கு வலிக்கும் அல்லவா? அப்படியானால் இவர்களை நாம் எப்படிப் பார்க்க வேண்டும்? சிரித்த முகத்தோடு ஒருவரைச் சந்திப்பதும் தர்மம் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம்.

50 ஆண்டு நிறைவைக் கொண்டாடும் நம் சங்கத்திடம், குறிப்பாக இளையர் பிரிவிடம், மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

ஒன்று, நம் மூத்தவர்களிடம் சென்று கேட்டு எழுதுங்கள். பதவி, விருது, தலைவர்களுடன் எடுத்த படம் எல்லாம் மலரில் வந்துவிடும். நீங்கள் சின்னக் கேள்விகளைக் கேளுங்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? மாடியில் யார் சமைத்தது? பெருநாள் அன்று எங்கே போனீர்கள்? எதற்கு விழுந்து விழுந்து சிரித்தீர்கள்? 50 பேரிடம் 50 பக்கம் போதும். என் அத்தாவிடம் இவற்றைக் கேட்கும் காலம் கடந்துவிட்டது. உங்கள் வீட்டில் இன்னும் கடக்கவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள்.

இரண்டு, மாதம் ஒரு ஞாயிறு, நம் சங்கத்தின் பெயரால் அந்த ஊழியர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவோம். பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துவிட்டு வந்துவிட வேண்டாம். ஒரே விரிப்பில் உட்கார்ந்து, ஊர் எது, பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டுப் பேசுவோம். மசாலாச் செலவு என்னுடையது.

மூன்று, வீட்டில் செய்வது. இரவு இஷா முடிந்து படுக்கும் முன், அன்று கண்ணில் பட்ட ஒரு நல்லதைக் குடும்பத்தில் ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். விடியற்காலையில் புளோக்கின் பின்னால் கூவிய குயில், மழைக்குப் பிறகு சாலையோரம் மஞ்சள் விரித்த அங்சானாப் பூ, பேருந்தில் எழுந்து இடம் கொடுத்த மாணவன். முதல் வாரம் பிள்ளைகள் "ஒன்றுமே இல்லை" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது எனக்குத் தூக்கம் வந்தாலும் விடமாட்டேன் என்கிறார்கள்.

இந்தச் சங்கத்தைத் தொடங்கி 50 ஆண்டுகள் தாங்கிப் பிடித்த பெரியவர்களுக்கு அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தரட்டும். மறைந்தவர்களுக்கு மேலான சுவனத்தைத் தரட்டும். நோயுற்றவர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைக் கவனிக்கிறவர்களுக்குப் பொறுமையையும் தரட்டும். நமக்கெல்லாம் கொடுக்கப்பட்டதை எண்ணிப் பார்க்கும் கண்ணைத் தரட்டும். ஆமீன்.

 சட்டி திறந்துவிட்டது என்று வாசனை சொல்கிறது. வஸ்ஸலாம்.